குண்டாஸ் கேட்டுக் கையெழுத்துப் போடுவதா, சாட்சி சொல்லப் போவதா?

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒரு மனு வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் உட்காரும் மூன்று பையன்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்க வேண்டும் என்று காவல் ஆணையருக்கு எழுதிய மனு. போன ஞாயிறு என் வீட்டுக்கு வந்தபோது அதில் 65 கையெழுத்து இருந்தது. நான் போடவில்லை. "ஏன் சார், உங்களுக்கு மட்டும் அவங்க மேல பாசமா?" என்று ஒருவர் கேட்டார். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். வட சென்னையில் சாதாரணத் தெரு எங்களுடையது. பொங்கலுக்குப் பிறகு தள்ளுவண்டிக் கடைகளில் மாமூல் கேட்பது ஆரம்பித்தது, அப்புறம் இரவில் வேலை முடிந்து வருகிறவர்களிடம் செல்போன் பறிப்பு, பிறகு ஒரு நாள் கத்தியைக் காட்டிப் பணம் கேட்டபோது மறுத்த டிபன் கடை அண்ணனின் கையில் வெட்டு, ஆறு தையல். மூவரும் கைதானார்கள். 60 நாள் முடிந்த கையோடு ஜாமீனில் வெளியே வந்தார்கள், அன்று மாலையே அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டிபன் கடை அண்ணன் மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. என் மகள் ஷிப்ட் முடிந்து வர இரவு பத்தாகிவிடும், நான் தினமும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று கூட்டி வருகிறேன். ஆகவே பயம், கோபம் இரண்டும் எனக்கும் இருக்கிறது. அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட 65 பேரில் ஒருவரையும் நான் தவறாக நினைக்கவில்லை. நம் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது நமக்கு எவ்வளவு நாள் நிம்மதி தரும், அதற்கு யார் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

குண்டாஸிலிருந்தே ஆரம்பிக்கலாம், எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதானே. இது 1982-இல் வந்த தமிழ்நாடு சட்டம், அந்த ஆண்டின் 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று ஐந்து வகையினருக்காக வந்தது. பிறகு வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல் கடத்தல், 2014-இல் பாலியல் குற்றமும் இணையக் குற்றமும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. நகரத்தில் காவல் ஆணையரும் மாவட்டத்தில் ஆட்சியரும் ஆணை போடுகிறார்கள். 5 நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் கொடுக்க வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்துக்குள் விஷயம், ஆணை சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும், அது 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கழகம் சரி என்றால் காவலில் வைத்த நாளிலிருந்து 12 மாதம் வரை உள்ளே வைத்திருக்கலாம். ஜாமீன் கிடையாது. கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது, அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவே தடுப்புக் காவலுக்கு அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இது தண்டனை கிடையாது. அந்தப் பையன் டிபன் கடை அண்ணனை வெட்டினானா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. இனிமேல் செய்வான் என்று ஓர் அதிகாரி திருப்திப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். வெட்டு வழக்கு தனியாக, நீதிமன்றத்தில், தன் பாட்டுக்குக் கிடக்கும்.

அந்தத் திருப்தியும் எத்தனை நாள் நிற்கிறது? தடுப்புக் காவலில் இருக்கும் கைதிகள் எண்ணிக்கையில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. அதே சமயம் சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்ற அமர்வுகள், காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்டு, இந்த ஆணைகளைக் கொத்துக் கொத்தாக ரத்து செய்துகொண்டும் இருக்கின்றன. காரணங்களைப் படித்தால் மனசு ஆறாது. கைதிக்குக் கொடுத்த ஆவணத் தொகுப்பில் ஒரு ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் இருக்கிறது, அவர் அனுப்பிய முறையீட்டை அரசு பரிசீலிக்கத் தாமதம் ஆகிவிட்டது, இப்படி. இன்னொரு பெரிய காரணம், 2011-இல் ரேகா என்பவர் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாதாரணச் சட்டமே ஒருவரைக் கையாளப் போதும் என்றால் தடுப்புக் காவல் செல்லாது, அவர் ஜாமீனில் வந்துவிடுவார் என்பதற்கும் உண்மையான ஆதாரம் வேண்டும். ஆக, நாம் நினைப்பதுபோல் ஒரு வருடம் என்பது பெரும்பாலும் ஒரு வருடம் இல்லை, சில மாதம். அதற்குப் பிறகு அதே பெஞ்ச்.

அதோடு, 'பொது ஒழுங்கு' என்ற சொல் இந்தச் சட்டத்தின் இதயத்தில் இருக்கிறது. ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயதுல்லா மூன்று வட்டங்களைச் சொல்லி விளக்கினார்: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் சின்னது பொது ஒழுங்கு, அதற்குள் இன்னும் சின்னது நாட்டின் பாதுகாப்பு. ஒரு வெட்டுக்குத்து எல்லாமே நடு வட்டத்துக்குள் வந்துவிடாது, அந்த வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கையே குலைய வேண்டும். வட்டத்தின் கோடு எங்கே என்று அதிகாரி முடிவுசெய்யும்போது என்ன ஆகும் என்பதை 2017-இல் பார்த்தோம். துண்டுப் பிரசுரம் கொடுத்த சேலத்து மாணவி வளர்மதி மீதும், மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் இதே சட்டம் பாய்ந்தது. இரண்டையும் அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் மாதக்கணக்கில் உள்ளே இருந்தது இருந்ததுதான். நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்காகச் சாலை மறியல் செய்தோமே, நினைவிருக்கிறதா? நாம் கையெழுத்துப் போட்டுக் கேட்கிற ஆயுதம் நம் பக்கமும் திரும்பக்கூடியது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் மக்கள் குண்டாஸ் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதில் நாம் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. பெயர் தெரியாத 65 கையெழுத்துகளில் ஒன்றாக இருந்துவிட்டால் போதும். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

சங்கக் கூட்டத்தில் மெதுவாகப் பேசப்பட்ட இன்னொரு யோசனை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஸ்டேஷனில் வைத்து நாலு தட்டுத் தட்டட்டும், கையோ காலோ உடையட்டும், அப்புறம் வரமாட்டான். கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் படங்களுக்கு நாம் கைதட்டிப் பழகிவிட்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் கூட்டிப்போகப்பட்டார்கள், இருவரும் உயிரோடு திரும்பவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டு இறந்தார். அவர்கள் ரவுடிகள் இல்லை. தடிக்குப் பழக்கப்பட்ட கை ஆள் பார்த்து நிற்காது. இந்த வழியைப் பற்றி நான் ஒப்பிடப்போவதில்லை, இது நம் மேசைக்கே வரக்கூடாது.

அடுத்தது நன்னடத்தைப் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 என்று ஸ்டேஷனில் சொல்வார்களே, அதுதான். அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 126, 129. அமைதியைக் காப்பேன் என்ற பிணை ஒரு வருடம் வரை, வழக்கமாகக் குற்றம் செய்பவர்களிடம் வாங்கும் நன்னடத்தைப் பிணை 3 வருடம் வரை. மீறினால் மிச்சமிருக்கும் காலத்துக்கு உள்ளே போக நேரும். செய்தித்தாளில் 'பிணையை மீறிய சரித்திரப் பதிவேடு குற்றவாளிக்கு 280 நாள் சிறை' என்கிற மாதிரி வருவது இதுதான்.

எனக்கு இந்த வழி குண்டாஸைவிடப் பிடித்திருக்கிறது, காரணம் அந்தப் பையனின் கையில் ஒரு சாவி இருக்கிறது. ஒழுங்காக இருந்தால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. வீட்டுக்காரர்கள் ஜாமீன்தாரராக நிற்க வேண்டியிருப்பதால் அம்மா அப்பாவுக்கும் அதில் பங்கு வருகிறது. நோட்டீஸ் கொடுத்து, அவன் பதிலைக் கேட்டு, விசாரணை நடத்தித்தான் பிணை வாங்க முடியும், அந்த விசாரணையும் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன. தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், பழைய பட்டியலை எடுத்து மொத்தமாக 110 போடுகிற பழக்கம் ஊரறிந்தது. பத்து வருடமாக ஆட்டோ ஓட்டி ஒழுங்காக இருப்பவனையும் கூப்பிட்டு நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பிணையை விசாரித்து வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்தார்கள், குற்றம் சாட்டுகிற துறையே தீர்ப்பும் சொல்கிற ஏற்பாடு. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. காவல்துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் முன்னால் பையன் நிற்கும்போது, அவர் கேள்வி கேட்பார் என்ற நம்பிக்கையாவது இருக்கும். நம் மூன்று பேரில் ஒருவன் மீது பழைய வழக்குகள் இருக்கின்றன, அவனுக்கு 129 பொருந்தலாம். மற்ற இருவருக்கும் இதுதான் முதல் வழக்கு, அவர்களை 'வழக்கமான குற்றவாளி' என்று எழுதுவது பொய்.

கேமரா பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. சென்னையில் 2017-க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்று தெருத் தெருவாக வைத்தார்கள், நம் தெருவிலும் நாலு இருக்கிறது, வெட்டு நடந்த அன்று அதில் இரண்டு வேலை செய்யவில்லை. வேலை செய்த கேமராவின் பதிவையும் யாரும் எடுத்து வைக்கவில்லை, ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிவிட்டது. கேமரா வண்டித் திருட்டுக்கு ஓரளவு பயன்படும், கோபத்தில் கத்தி எடுப்பவன் கேமராவைப் பார்ப்பதில்லை. பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்றால்கூட அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒருவர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேயும் ஒரு மனிதர் முன்னால் வர வேண்டியிருக்கிறது.

காவல் சிறார் மன்றம், மைதானம், தெருவிளக்கு, இதெல்லாம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பக்கத்து வட்டாரத்தில் மன்றத்துக்குப் போய் கேரம் ஆடி, டியூஷன் படித்துப் பாலிடெக்னிக் வரை போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு அது பத்து வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும். இன்று எட்டாவது படிக்கும் அவர்களின் தம்பிகளுக்காக அதைக் கேட்போம், தனி மனுவாகக் கேட்போம். டிபன் கடை அண்ணன் நாளைக்குக் கடை திறப்பதற்கு அது பதில் ஆகாது.

இப்போது மிச்சமிருக்கும் வழி, போட்ட வழக்கை ஒழுங்காக நடத்துவது. கேட்க அலுப்பாக இருக்கும், 'கேஸ் பத்து வருஷம் இழுக்கும் சார்' என்பீர்கள். இந்த வாரம் நான் டிபன் கடை அண்ணனோடு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். அந்த மூவரும் ஏன் வெளியே வந்தார்கள் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. நீதிபதி இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. அவர்கள் மீது போட்ட பிரிவுகளுக்கு 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவர்கள் உரிமை. தாக்கல் ஆகவில்லை, கேட்டார்கள், கிடைத்தது. சாதாரணச் சட்டம் தோற்றுப்போகவில்லை, அதை யாரும் நடத்தவில்லை.

ஏன் தாக்கல் ஆகவில்லை? காவல் நிலையத்தின் தாமதம் ஒரு பாதி, அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். மறு பாதி நாம். அன்று இரவு எட்டரை மணிக்கு அந்த முனையில் குறைந்தது இருபது பேர் இருந்தார்கள். விசாரிக்க வந்தபோது ஒருவர்கூடப் பார்த்ததாகச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன், கத்தி விளக்கு வெளிச்சத்தில் மின்னியதையும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும் பார்த்தேன். கேட்டபோது, வீட்டுக்குள்ளே இருந்தேன் என்று சொன்னேன். மகள் தனியாக வருகிறாளே என்ற நினைப்புதான் காரணம். அந்தப் பொய் இத்தனை நாளாக உறுத்துகிறது.

முதலில் சொன்னதை மாற்றிச் சொல்பவரைப் பிறழ் சாட்சி என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள், நாமெல்லாம் அதற்கு முந்தைய கட்டம், சாட்சியாகவே ஆகாதவர்கள். இதற்குச் சட்டத்தில் துணையே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருக்கிறது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. பிஎன்எஸ்எஸ் 398-ஆம் பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பம் கொடுக்கலாம், மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று உதவி ஆணையர் நிலையில் உள்ளவர் 5 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். வீட்டருகே ரோந்து, வீட்டில் கேமரா, நீதிமன்றத்துக்குத் துணையோடு போய்வருவது, விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரோடு நேருக்கு நேர் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. சின்னச் சின்ன வழக்குகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது, ஆனால் உயிர்ப் பயம் காட்டிப் பணம் பறிப்பது 10 ஆண்டு வரை தண்டனைக்குரியது, அதனால் நம் வழக்குக்குப் பொருந்தும் என்கிறார் வழக்கறிஞர். இந்தப் பாதுகாப்பு காகிதத்தில் இருக்கும் அளவுக்குத் தெருவில் இருக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும், எனக்கும் வருகிறது. ஆனால் ஒருவர் கேட்டால் தள்ளிவிடலாம், பத்துப் பேர் ஒரே நாளில் எழுத்தில் கேட்டால் தள்ளுவது கடினம். அங்கேதான் சங்கம் என்ற ஒன்றுக்கு வேலை.

இன்னும் சில விஷயங்கள். வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னாலேயே பிஎன்எஸ்எஸ் 183-ஆம் பிரிவில் பதிவு செய்யக் கேட்கலாம், பிறகு மிரட்டிப் பேச்சை மாற்றவைப்பது அவ்வளவு எளிதல்ல. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது இப்போது காவல்துறையின் கடமை, அண்ணனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, எழுத்தில் கேட்கப்போகிறோம். காலக்கெடு தவறியதால் கிடைத்த ஜாமீனும் கல்வெட்டு இல்லை. குற்றப்பத்திரிகை பின்னால் வந்து வலுவான வழக்கைக் காட்டினால், சிறப்பான காரணம் இருந்தால் அதை ரத்து செய்ய முடியும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சியை மிரட்டினால் அதுவே ரத்துக்குத் தனிக் காரணம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கணக்கு இப்படி வருகிறது. குண்டாஸ் சீக்கிரம் கிடைக்கும், நமக்கு ஒரு சிரமமும் இல்லை, சில மாதத்தில் தீர்ந்துவிடும், முடிந்து வரும்போது வெட்டு வழக்கில் சாட்சியே இல்லாமல் போயிருக்கும், முதல் வழக்கில் மாட்டிய இரண்டு பையன்களும் உள்ளே பெரிய ஆட்களோடு பழகி வந்திருப்பார்கள். வழக்கு மெதுவாக நடக்கும், நமக்குப் பயமும் அலைச்சலும் உண்டு, வாய்தாவுக்கு அரை நாள் சம்பளம் போகும், ஆனால் முடிவில் 'இவன் வெட்டினான்' என்று ஒரு நீதிபதி எழுதியிருப்பார், அதை எந்த மொழிபெயர்ப்புப் பிழையும் ரத்து செய்யாது. அந்த இருவரில் யாராவது வெட்டும்போது அங்கேயே இல்லை என்றால் அதுவும் வெளியே வரும். எனக்கு மறந்துபோகாமல் இருப்பது ஒன்று: மூன்றாவது பையன் கையில் அன்று எதுவும் இல்லை, அவன் பின்னால் நின்றிருந்தான். குண்டாஸ் மனுவில் அவன் பெயரும் இருக்கிறது.

அதனால் வேறு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். குற்றப்பத்திரிகையை உடனே தாக்கல் செய்ய வேண்டும், பழைய வழக்குகள் உள்ள ஒருவன் மீது மட்டும் நன்னடத்தைப் பிணை நடவடிக்கை எடுக்க வேண்டும், இரவு எட்டு முதல் பதினொன்று வரை தெருமுனையில் ரோந்து வேண்டும், சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கோரும் விண்ணப்பங்களை ஏற்க வேண்டும். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டதோடு, சாட்சி சொல்ல வருகிறவர்கள் பெயருக்குத் தனியாக ஒரு தாளும் இணைத்திருக்கிறேன். அதை வீடு வீடாகச் சுற்ற விடமாட்டேன், என்னிடமே இருக்கும். முதல் பெயர் என்னுடையது. நேற்று இரவு பூக்கார அக்கா வந்து, எனக்கு எழுத வராது, நீங்களே எழுதிக்கோங்க தம்பி, கோர்ட்டுக்கு நான் வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் ஆயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்பேன்.